பத்துத் தலையை எப்படி வரைவது, தெரியுமா?

ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். ராவணனை வரையுங்கள் பார்ப்போம்!

நடுவில் ஒரு முகம். வலது பக்கம் நாலு. இடது பக்கம் நாலு. கச்சிதமாக இருக்கிறதா? இப்போது எண்ணிப் பாருங்கள். ஒன்பது! பத்தாவது தலையை எந்தப் பக்கம் ஒட்டுவீர்கள்? எந்தப் பக்கம் ஒட்டினாலும் இலங்கை வேந்தன் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவான்!

சிற்பிகள் என்ன தந்திரம் செய்தார்கள் தெரியுமா? பல சிற்பங்களில் முன்பக்கம் தெரிகிற தலைகளை மட்டும் செதுக்கிவிட்டு, மிச்சம் பின்னால் இருப்பதாக நம்மையே நினைத்துக்கொள்ள விட்டுவிட்டார்கள்! கல்லில் அது செல்லும். படக்கதையில் செல்லுமா? எட்டு வயது வாண்டு விரல் வைத்து எண்ணுமே! ஒன்று குறைந்தாலும் மானம் போய்விடுமே!

இன்னொரு சிக்கலும் உண்டு. ராவணன் பேசுகிறான். வசனம் எழுதும் பலூனின் வாலை எந்த வாய்க்கு நீட்டுவது? பத்து வாயும் சேர்ந்து சிரித்தால் "ஹா ஹா ஹா"வைப் பத்து தடவை எழுதுவதா?

புராணத்தைப் பிள்ளைகளுக்குப் படக்கதையாக்குவது என்றால் சும்மாவா!

*

யானை வரைய வருமா உங்களுக்கு?

குருக்ஷேத்திரத்தில் மோதியது 18 அக்ஷௌஹிணி சேனை. கௌரவர்கள் பக்கம் 11, பாண்டவர்கள் பக்கம் 7. ஒரு அக்ஷௌஹிணியில் எத்தனை யானை தெரியுமா? 21,870! தேரும் அதே 21,870. குதிரை 65,610. காலாள் 1,09,350!

18-ஆல் பெருக்குங்கள். யானை மட்டும் 3,93,660!

நிமிடத்துக்கு ஒரு யானை என்று வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், தூங்காமல், ராப்பகலாக வரைந்தால் எத்தனை நாள் ஆகும் தெரியுமா? 273 நாள்! பத்து மாதம் சுமக்கிற கணக்கு! இதில் ஒரு குதிரைகூட இன்னும் வரையவில்லை. ஓவியர் என்ன செய்வார்? முன்னால் மூன்று யானை, பின்னால் ஒரே புழுதி! புழுதிக்குள் மீதி சேனை!

*

ராமன் அம்மா பேர் என்ன?

கோசலை என்று சட்டென்று சொல்லியிருப்பீர்கள். 1967 பிப்ரவரியில் டெல்லியில் ஒரு கடையில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியில் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். வினாடி வினா நிகழ்ச்சி. உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை! ஆனால் கிரேக்கத்து ஒலிம்பஸ் மலைச் சாமியைப் பற்றிக் கேட்டதும் பதில் டாண் என்று வந்ததாம்!

கடையில் நின்று அதைப் பார்த்தவர்களில் ஒருவருக்குச் சுருக்கென்றது. அவர்தான் அனந்த் பை! பம்பாய்க்காரர். பம்பாயில் அப்போது தொலைக்காட்சியே கிடையாது, அங்கே அது வந்ததே 1972-ல்தான்! டெல்லிக்குப் போன இடத்தில் பார்த்த சில நிமிட நிகழ்ச்சி. அதில் முளைத்ததுதான் அமர் சித்திரக் கதை என்ற படக்கதை வரிசை! அமர் என்றால் சாகாதது. பேர் வைத்த நேரம், இன்னும் சாகவில்லை!

அவர் என்ன படித்தவர் தெரியுமா? ஓவியமும் இல்லை, இலக்கியமும் இல்லை. ரசாயனத் தொழில்நுட்பம்! கர்நாடகத்தின் கார்கலாவில் பிறந்து, இரண்டு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளை. 1954-ல் 'மானவ்' என்று ஒரு குழந்தைகள் பத்திரிகை தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர். அதற்கப்புறம் வேதாள மாயாத்மா கதைகளை வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸில் வேலை! காட்டுக்குள் மண்டையோட்டுக் குகையில் இருக்கிற வெளிநாட்டு வீரனைப் பிள்ளைகள் இப்படிக் கொண்டாடுகிறார்களே, நம்ம ஊர் அனுமனைக் கொண்டாட மாட்டார்களா என்று அவருக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்?

*

அமர் சித்திரக் கதையின் கிருஷ்ணர் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறீர்களா? அதன் வரிசை எண் என்ன தெரியுமா? 11!

புராண வரிசையில் வந்த முதல் புத்தகம் அதுதான். அப்படியானால் 1 முதல் 10 வரை எங்கே போயின? அங்கேதான் வேடிக்கை! அந்தப் பத்தும் சிண்ட்ரெல்லா, ஸ்னோ வைட், பீன்ஸ் கொடியில் ஏறிய ஜாக் மாதிரி வெள்ளைக்காரக் கதைகள்! அதுவும் கன்னடத்தில்! கண்ணன் பிறப்பதற்கு முன்னால் பத்துப் பிள்ளைகள் பிறந்தாயிற்று. தேவகிக்குக்கூட ஏழுதான்!

அந்தக் கிருஷ்ணரை வரைந்தவர் ராம் வாயீர்கர். பின்னாளில் இதே கைதான் டிங்கிள் இதழில் நம்ம சுப்பாண்டியின் கூம்புத் தலையையும் வரைந்தது! சுப்பாண்டியின் முதல் கதைகளை எழுதி அனுப்பியது எந்த ஊர் வாசகர் தெரியுமா? திருச்சி! பூந்தளிர் இதழில் அவனைப் படித்து வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

*

முதலில் எவ்வளவு விற்றது என்று நினைக்கிறீர்கள்? லட்சம்? பத்து லட்சம்?

மூன்று வருடத்தில் 20,000 பிரதி! அவ்வளவே!

ஆனால் பத்து வருடம் போனதும் பாருங்கள். 1970-களின் கடைசியில் வருடத்துக்கு 50 லட்சம்! இன்றுவரை மொத்தம் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல்! 20 மொழிகள்! 400-க்கும் அதிகமான தலைப்புகள்!

ஆரம்ப காலப் புத்தகங்களில் சிவப்பைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? செலவு கட்டுப்படியாகாது என்று மஞ்சள், நீலம், பச்சையோடு நிறுத்திக்கொண்ட காலம் ஒன்று இருந்தது! நினைத்துப் பாருங்கள், மூன்றே வண்ணத்தில் தேவலோகம்! முழு வண்ணம் பின்னால்தான் வந்தது.

வால்மீகி ராமாயணம் 24,000 சுலோகம். அமர் சித்திரக் கதை ஒன்று 32 பக்கம். ராமன் கதையை அதற்குள் அடைக்க வேண்டுமானால் பக்கத்துக்கு 750 சுலோகம்! எழுதுகிறவருக்குக் கத்தரிக்கோல்தான் முதல் ஆயுதம்!

மகாபாரதத்துக்கு அந்தக் கத்தரிக்கோல் செல்லவில்லை. லட்சம் சுலோகம் இல்லையா? எத்தனை பாகமாக வந்தது தெரியுமா? 42! எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் 1,300 பக்கத்துக்கும் மேல்!

*

கண்ணன் ஏன் நீலம்?

கேட்காத பிள்ளை இல்லை. 'கிருஷ்ண' என்ற சொல்லுக்கே பொருள் கருப்பு! அதோடு விட்டதா? திரௌபதியின் இன்னொரு பெயர் கிருஷ்ணா! அர்ஜுனனின் பெயர்களில் ஒன்று கிருஷ்ணன்! கதையைச் சொன்ன வியாசரின் முழுப்பெயர் கிருஷ்ண துவைபாயனர், அதாவது தீவில் பிறந்த கருப்பர்! கதை சொன்னவர், கதாநாயகன், கதாநாயகி, தேரோட்டி, நாலு பேரும் கருப்பு! ராமனையும் கரிய மேனி என்றுதான் கவிகள் பாடினார்கள்.

படக்கதையில் என்ன ஆயிற்று? கண்ணன் நீலமானான். திரௌபதி சிவப்புத் தோல் ராணியானாள். கன்னங்கரேல் என்று வந்தது பெரும்பாலும் அசுரர்கள்! இதை மட்டும் என்னால் ரசிக்க முடிந்ததில்லை. இன்று புதிதாக வரைய உட்காருகிறவர்கள் மூலநூலை ஒரு தடவை புரட்டிவிட்டு வண்ணப் பெட்டியைத் திறந்தால் புண்ணியமாகப் போகும்!

இந்த முகங்களெல்லாம் எங்கிருந்து வந்தன தெரியுமா? ரவிவர்மாவிடமிருந்து! 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்து, சாமி படங்களை வண்ணத்தில் அச்சடித்து வீட்டுக்கு வீடு அனுப்பிய கேரளத்துக்காரர். முதலில் அச்சானது எது? சகுந்தலையின் பிறப்பு! நம்ம பக்கத்துக் காலண்டர் முருகனும் லட்சுமியும் கோவில்பட்டி கொண்டையராஜுவின் கைவண்ணத்தில் வந்த வழி. காலண்டர் சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிள்ளை, படக்கதையில் அதே சாமியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டது!

*

கும்பகர்ணனை எழுப்ப என்னவெல்லாம் செய்தார்கள் தெரியுமா? சங்கு ஊதினார்கள், முரசு அடித்தார்கள், கடைசியில் ஆயிரம் யானையை மேலே ஓடவிட்டார்கள்! வால்மீகி சொல்கிற கணக்கு! அந்த உடம்பை ஒரு பக்கத்தில் எப்படி அடக்குவது? ரகசியம் இதுதான். கும்பகர்ணனைப் பெரிதாக வரையக் கூடாது, யானையை எறும்பாக வரைய வேண்டும்!

*

படக்கதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்றா நினைக்கிறீர்கள்?

எல்லோரா கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். எட்டாம் நூற்றாண்டு! ஒரு பக்கச் சுவரில் ராமாயணம், எதிர்ப்பக்கம் மகாபாரதம். ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை வரிசையாகக் காட்சிகள். அப்படியே காமிக்ஸ் பக்கம்! ஒரே வித்தியாசம், புரட்ட முடியாது!

ஹம்பியில் ஹசாரா ராமர் கோயில். சுவரில் மூன்று அடுக்காக ராமாயணம். கதை தெரிய வேண்டுமானால் கோயிலைச் சுற்றியாக வேண்டும். படித்த மாதிரியும் ஆயிற்று, பிரதட்சிணம் செய்த மாதிரியும் ஆயிற்று! கும்பகோணம் ராமசாமி கோயில் பிராகாரச் சுவரிலும் ராமாயணம் ஓவியமாக ஓடுகிறதே, பார்த்திருக்கிறீர்களா? காலால் நடந்து கண்ணால் படிக்கும் புத்தகம்!

இதைவிட ஆச்சரியம் ஒன்று சொல்லட்டுமா? மேவார் மகாராணா ஜகத் சிங் 1649 முதல் 1653 வரை ஒரு ராமாயணச் சுவடி எழுதச் சொன்னார். ஓவியங்கள் மட்டும் 400-க்கும் மேல்! ஒரே ஓவியத்துக்குள் ராமன் மூன்று நாலு இடத்தில் இருப்பான். இங்கே பேசுகிறான், அங்கே நடக்கிறான், மூலையில் அம்பு விடுகிறான்! கட்டம் போடாத காமிக்ஸ்! அதை வரைந்த தலைமை ஓவியர்களில் ஒருவர் யார் தெரியுமா? சாஹிப்தீன் என்ற முஸ்லிம் கலைஞர்! சுவடியின் பகுதிகள் லண்டனிலும் மும்பையிலுமாகப் பிரிந்து கிடந்தன. 2014-ல் கணினியில்தான் ஒன்று சேர்ந்தன. ராமனுக்கு 14 வருடம், ராமாயணத்துக்கு அதைவிட எத்தனையோ பங்கு வனவாசம்!

*

கடல் தாண்டிப் போவோமா?

அமர் சித்திரக் கதை வருவதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே மகாபாரதத்தைப் படக்கதையாகப் போட்ட நாடு எது தெரியுமா? இந்தோனேசியா! உலகில் மிக அதிகமாக முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் ஒன்று! அந்த நாட்டுக் காமிக்ஸின் தந்தை என்று கொண்டாடப்படும் ஆர்.ஏ. கோசாசி 1950-களில் வரைந்தது. அங்கே பீமனையும் அர்ஜுனனையும் பிள்ளைகள் நிழற்பாவைக் கூத்திலேயே பார்த்துப் பழகியவர்கள். கோசாசிக்கு யாரையும் அறிமுகப்படுத்தும் வேலையே இல்லை!

ஜப்பானில் கிளாம்ப் என்ற பெண்கள் குழு 1989-ல் வெளியிட்ட முதல் தொடரின் பெயர் என்ன தெரியுமா? ரிக் வேதா! பத்துத் தொகுதி! இது கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு.

அமெரிக்காவில்? சஞ்சய் பட்டேல் என்று ஒருவர். 'தி இன்கிரெடிபிள்ஸ்' மாதிரி படங்களுக்கு வேலை செய்த பிக்ஸார் அனிமேட்டர். பெற்றோர் நெடுஞ்சாலை ஓரம் சின்ன விடுதி நடத்தியவர்கள். பகலெல்லாம் ஹாலிவுட் பொம்மைகளை ஆட்டிவிட்டு, தனக்கென்று என்ன செய்தார் தெரியுமா? ராமாயணம் வரைந்தார்! ஒரு மாதம் இல்லை, ஒரு வருடம் இல்லை, நாலு வருடம்! நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள்! வட்டம், முக்கோணம், சதுரம், இவற்றைக் கொண்டே ராமனும் அனுமனும்! 2010-ல் புத்தகம் வந்தது. தன் கடைக்கு அவர் வைத்த பெயர் 'கீ ஹேப்பி'. கீ என்றால் நெய்தான்! கொழுக் மொழுக் என்று அவர் வரைகிற தெய்வங்களைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும்!

பிள்ளையார் தந்தம் உடைந்த கதை தெரியுமில்லையா? பட்டேலும் எமிலி ஹேன்ஸும் சேர்ந்து செய்த குழந்தைகள் புத்தகத்தில் அது எப்படி உடைகிறது தெரியுமா? கல்லு மாதிரி ஒரு ராட்சத லட்டைக் கடித்து! உடைந்த கொம்பே எழுத்தாணி ஆகி, மகாபாரதம் எழுதத் தொடங்குகிறார்! பாட்டி கேட்டால் முறைப்பாள். பேரன் புரண்டு புரண்டு சிரிப்பான்!

இன்னும் ஒன்று. பாண்டவர்கள் மறுபடி பிறந்தால்? அதுவும் பெண் பிள்ளைகளாக? ரோஷனி சோக்ஷி எழுதிய ஆரு ஷா நாவல் 2018-ல் வந்தது. 2022-ல் படக்கதையும் ஆயிற்று. பன்னிரண்டு வயது ஆரு, அட்லாண்டா அருங்காட்சியகத்தில் ஏற்றக் கூடாத விளக்கை ஏற்றித் தொலைக்கிறாள். உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறாள். என்ன உடையில் தெரியுமா? ஸ்பைடர்மேன் படம் போட்ட இரவு உடையில்! காண்டீபம் ஏந்திய வம்சம்!

*

இப்போது வீட்டுக்குத் திரும்புவோம்.

நம்ம சென்னையில் 1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்பு, பிறந்தது அம்புலிமாமா இதழ். வேதாளத்தைத் தோளில் சுமந்து, கையில் வாளோடு நடக்கிற விக்கிரமன் ஞாபகம் இருக்கிறதா? அந்தப் படத்தை வரைந்த சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன் எவ்வளவு காலம் அங்கே வரைந்தார் தெரியுமா? சுமார் அறுபது வருடம்! 2020-ல் 96 வயதில் மறைந்தார். மறுவருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். விக்கிரமன் மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறான், முருங்கை மரத்துக்கும் மயானத்துக்குமாக!

தமிழில் படக்கதை செய்கிறவர்களுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு, தெரியுமா? பலூன்! ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தில் முடிகிற 'கோ', தமிழில் மரியாதையோடு 'செல்லுங்கள்' ஆகும்போது பலூன் வீங்கிவிடும்! "பிரபு, தாங்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்" என்று ஒரு மந்திரி வாயைத் திறந்தால் போதும், பின்னால் நிற்கிற யானை மறைந்துவிடும்! ஆனால் சத்தம் என்று வந்தால் நம்மை அடிக்க ஆளில்லை. டமார்! சடசட! சர்ர்ர்! தொபுக்கடீர்! பீமனின் கதாயுதம் இறங்குகிற சத்தத்துக்கு வேறு எந்த மொழியில் இத்தனை வார்த்தை!

இதே சென்னையில், தாரா பதிப்பகம் 2011-ல் 'சீதையின் ராமாயணம்' என்று ஒரு புத்தகம் போட்டது. கதை சொல்வது சீதை! வரைந்தவர் வங்காளத்துப் பட்டுவாக் கலைஞர் மொய்னா சித்ரகார். பட்டுவாக்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? நீளமான சுருள் ஓவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துக்கொண்டே, விரலால் காட்டிக்கொண்டே, கதையைப் பாடுவார்கள்! இதில் பலர் முஸ்லிம்கள், பாடுவது ராமாயணம்! வழக்கமாகக் கதை எழுதிவிட்டுத்தானே படம் வரைவார்கள்? இங்கே தலைகீழ். படம் முதலில், வசனம் பின்னால்! அந்தப் புத்தகம் நியூயார்க் டைம்ஸின் அதிக விற்பனைப் பட்டியலில் ஏறி உட்கார்ந்தது!

படத்துக்கு எழுத்துக் கொடுத்தவர் சம்ஹிதா ஆர்னி. அவருடைய முதல் புத்தகம் எது தெரியுமா? மகாபாரதம்! எழுத்தும் அவரே, படமும் அவரே. 1996-ல் தாரா வெளியிட்டது. ஏழு மொழிகளில் வந்து, 50,000 பிரதி விற்றது. அதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு என்ன வயது?

எட்டு!

நிஜமாகவே எட்டு! ரவிவர்மா பாணி கிடையாது, காலண்டர் முகம் கிடையாது. சின்னப் பெண்ணின் கண்ணுக்குத் தெரிந்த சண்டை, சின்னப் பெண் கேட்ட கேள்வி. இத்தனை பேரைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொன்னேனே, எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் காட்டுவேன்!

உங்கள் வீட்டில் எட்டு வயதில் ஒன்று சுவரில் கிறுக்கிக்கொண்டிருக்கிறதா? திட்டாதீர்கள். கோடு போடாத நோட்டு ஒன்றும் கலர் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். முதலில் ராவணனை வரையச் சொல்லுங்கள். எதுவும் சொல்லிக் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், ஒன்பது தலை முடிந்ததும் பத்தாவதை எங்கே வைக்கிறது என்று!